கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்துவது: பாலக்காட்டு எல்லையோரக் குடும்பங்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தாய் வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போதுதான் "பிள்ளையைப் பார்த்துக்க யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்ற பேச்சு எழுகிறது. என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கஞ்சிக்கோட்டில் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்குப் பதினொரு நாள் முன்பு தேடத் தொடங்கினோம். கிடைத்த முதல் ஏஜென்சியில் பணத்தைக் கட்டினோம். அவர்கள் அனுப்பிய பெண்மணி படுக்கையில் இருக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்வதில் தேர்ந்தவர். நான்கு மாதக் குழந்தையைத் தூக்கும்போது அவருடைய கை நடுங்கியதை நானே பார்த்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது கைக்குழந்தை என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நாங்களும் ஏஜென்சியிடம் கேட்டிருக்கவில்லை. அதன்பின் ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்தார். அந்த இரண்டு அனுபவங்களுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டவற்றையும், பிறகு அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கு ஆள் தேட உதவியபோது தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எப்போது தேடத் தொடங்குவது

பேறுகாலப் பயன்கள் சட்டத்தில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தத்தில் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடரும் விதிகளின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. அதில் அதிகபட்சம் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் பலரும் சரியாகப் போட்டுப் பார்ப்பதில்லை. முன்பே 8 வாரம் எடுத்தவருக்குப் பிரசவத்துக்குப் பின் 18 வாரம்தான் மிஞ்சும். அவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம் கடந்திருக்கும், தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய ஆறு மாதம் நிறைந்திருக்காது. முழு விடுப்பையும் பிரசவத்துக்குப் பின் எடுத்தவர் திரும்பும் வேளையில் குழந்தை கூழும் மசித்த சோறும் பழகத் தொடங்கும் கட்டத்தில் இருக்கும். முதலாமவருக்கு, கறந்து வைத்த தாய்ப்பாலைக் கெடாமல் காத்துப் பொறுமையாகப் புகட்டத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டாமவருக்கு, ஊட்டத் தெரிந்தவரும், தவழத் தொடங்கும் பிள்ளையின் பின்னால் ஓட முழங்கால் இடம் கொடுப்பவருமான ஆள் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள். எந்த வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள் என்பது தெளிவானால் யாரைக் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். ஒரு மாதம் தேடுவதற்கு, இரண்டு வாரம் விசாரிப்பதற்கு, கடைசி இரண்டு வாரம் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அவர் வந்து பழகுவதற்கு என்று வைத்துக்கொண்டால் அவசரத்தில் தவறான ஆளை அமர்த்த நேராது. இதற்கிடையில் உங்கள் நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பதும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளவை. யாரும் கேட்காத இடத்தில் அந்த வசதி ஏட்டோடு நின்றுவிடுகிறது.

எங்கே கேட்பது

நம் ஊர்களில் இந்த வேலைக்கு ஒரே பெயர் இல்லை. சிலர் ஆயா என்கிறார்கள், சிலர் பிள்ளை பார்க்கும் அக்கா என்கிறார்கள், பாலக்காட்டு நகரத்துப் பக்கம் போனால் முதியவரைப் பார்ப்பவரையும் குழந்தையைப் பார்ப்பவரையும் சேர்த்து ஹோம் நர்ஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே விசாரிக்கும்போது "ஹோம் நர்ஸ் வேண்டும்" என்று சொல்லாமல், "நான்கு மாதக் கைக்குழந்தை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, வீட்டு வேலை கிடையாது" என்று முழுதாகச் சொல்லுங்கள். எனக்கு நேர்ந்த முதல் தவறு அங்கேதான் தொடங்கியது.

முதலில் கேட்க வேண்டியவர் உங்கள் வார்டின் ஆஷா பணியாளர். கர்ப்பம் பதிவு செய்த நாளிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர் அவர். எந்த வீட்டில் யார் குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொண்டார், எந்த வீட்டுக் குழந்தை பெரிதாகிப் பள்ளிக்குப் போனதால் எந்தப் பெண்மணி இப்போது வேலையின்றி இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்து அங்கன்வாடி ஆசிரியை. பிறகு கேரளத்தின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம்: வாரக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால் செய்தி ஒரே மாலையில் வார்டு முழுவதும் போய்ச் சேரும், அங்கே முன்வருகிறவரைப் பற்றிச் சாட்சி சொல்ல அக்கூட்டத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள். எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் கேட்பதானால் மகளிர் சுய உதவிக் குழுக்களும் கிராம சுகாதாரச் செவிலியரும் இதே உதவியைச் செய்வார்கள்.

ஏஜென்சி வழியாகப் போவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: அனுப்பப்படுகிறவர் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்பு எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறார், நாம் கட்டும் மாதத் தொகையில் அவர் கைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு, அவர் பாதியில் நின்றால் எத்தனை நாளில் மாற்று ஆள் வருவார், கட்டிய தொகையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் ஏஜென்சியை நான் தவிர்த்துவிடுவேன், ஏனெனில் பாதிக் கூலியை இடையில் இழக்கும் ஒருவரால் மனநிறைவோடு வேலை செய்ய முடியாது. வாட்ஸ்அப் குழுக்களில் வரும் எண்களைப் பொறுத்தவரை, அவரை நேரில் அறிந்த ஒருவர் கிடைத்தால் மட்டும் மேலே போங்கள்.

ஊரிலிருந்து அத்தையையோ சின்னம்மாவையோ வரவழைப்பதானாலும் ஊதியத்தையும் விடுமுறையையும் முன்பே பேசிவிடுவது நல்லது. உறவு என்பதால் பேசாமல் விட்டவை பின்னால் மனக்கசப்பாகின்றன.

தங்கி வேலை செய்வதா, வந்துபோவதா

எல்லையோரத்தில் இந்தக் கேள்வியைப் பேருந்துதான் பாதி முடிவு செய்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோபாலபுரம் வழியாகவோ, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ ஒருவர் தினமும் வந்துபோக முடியும். ஆனால் நீங்கள் ஷிப்ட் முடிந்து வீடு வந்துசேரும் நேரத்துக்குப் பின் அவருக்குப் பேருந்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேரளத்தில் ஹர்த்தால் அறிவிக்கப்பட்டால் பேருந்து ஓடாது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் வழக்கமான வேலைநாளாக இருக்கும், அவரும் கிளம்பி எல்லை வரை வந்து நின்றுவிடுவார். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டபோது, அக்கரையிலிருந்து ஆள் வந்துகொண்டிருந்த வீடுகள் எல்லாம் ஒரே நாளில் கையற்றுப் போனதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஆகவே எல்லை தாண்டி வருபவரை அமர்த்துகிறவர்கள், அவர் வர முடியாத நாளில் குழந்தையை ஒப்படைக்கக்கூடிய இன்னொருவரைப் பக்கத்துத் தெருவிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டாமவரும் குழந்தைக்கு முகம் பழகியவராக இருக்க வேண்டும்.

தங்கி வேலை செய்பவருக்குக் கதவு சாத்திக்கொள்ளக்கூடிய இடமும், அவர் பெட்டியை வைத்துப் பூட்டிக்கொள்ள ஓர் அலமாரியும், இரவில் தடையில்லாத சில மணி நேரத் தூக்கமும் தேவை. பகலெல்லாம் குழந்தையைச் சுமந்துவிட்டு இரவிலும் மூன்று முறை எழுந்திருப்பவர் ஒரு மாதத்துக்குள் களைத்துப்போவார், களைத்தவர் கையில் குழந்தை பாதுகாப்பாக இருக்காது. இரவுப் பொறுப்பைத் தாயும் தந்தையும் வைத்துக்கொள்வதே முறை.

முதல் சந்திப்பு

"குழந்தையை நல்லாப் பாத்துக்குவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லி அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பால் குடித்து வயிறு நிறைந்த குழந்தை அரை மணி நேரமாக அழுகையை நிறுத்தவில்லை, என்ன செய்வீர்கள்? தூக்கி உலாத்துவேன், துணி நனைந்திருக்கிறதா என்று பார்ப்பேன், உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பேன், எனக்கே பொறுமை போனால் பத்திரமாகக் கீழே படுக்க வைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்வேன் என்று சொல்பவர் உண்மையிலேயே பிள்ளை வளர்த்தவர். பொறுமை போகும் என்று ஒப்புக்கொள்வது நல்ல அடையாளம். அழும் குழந்தையை ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அந்த முதல் சந்திப்பிலேயே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

அவர் முன்பு வேலை செய்த வீட்டாரிடம் பேசுங்கள். "நல்லவரா" என்று கேட்பதைவிட, "எதனால் நின்றார், இன்னொரு குழந்தை பிறந்தால் அவரையே கூப்பிடுவீர்களா" என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் ஏற்படும் இடைவெளியையும் கவனியுங்கள்.

சாதியைக் கேட்காதீர்கள். குறிப்பால் அறிய முயல்வதும் கேட்பதற்குச் சமம். தனித் தம்ளரும் தனித் தட்டும் வைக்கும் வீட்டில், தன் மடியில் அந்த வீட்டுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

வயதைச் சான்றோடு உறுதி செய்யுங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு மேற்பட்ட வயதென்றாலும், பள்ளிக்குப் போக வேண்டிய பெண்ணிடம் கைக்குழந்தையை ஒப்படைப்பது இருவருக்குமே தீங்கு.

சான்றுகளும் உடல்நலமும்

ஆதார், ரேஷன் அட்டை ஆகியவற்றின் நகலை வாங்கிக்கொண்டு அசலை அப்போதே திருப்பிக் கொடுங்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்வது ஒருவரைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும். காவல்துறைச் சரிபார்ப்பில் எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒருவருடைய பழைய விவரங்கள் அவர் குடியிருக்கும் ஊரின் காவல் நிலையத்தில்தான் தெரியும். அவர் தமிழ்நாட்டிலும் நீங்கள் கேரளத்திலும் இருந்தால், உங்கள் ஊர் நிலையத்தில் மட்டும் நகலைக் கொடுத்துவிட்டு வருவது போதாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைகளில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கேரளத்தில் வசிப்பவரானால், குற்ற வழக்குகளில் தொடர்பில்லை என்ற சான்றிதழுக்குக் கேரளக் காவல்துறையின் துணா தளத்தில் அவரே விண்ணப்பிக்கலாம். இதை அவரிடம் சந்தேகத்தின் குரலில் சொல்லாமல், யார் வந்தாலும் நாங்கள் செய்யும் நடைமுறை இது என்று சொல்லிச் செய்யுங்கள். உங்கள் அடையாள அட்டையின் நகலையும் அவருக்குக் கொடுங்கள், ஏனெனில் முன்பின் அறியாத ஒரு வீட்டுக்குள் வருகிறவர் அவர்தான்.

மருத்துவப் பரிசோதனைக்கான செலவு உங்களுடையது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். காசநோய் கைக்குழந்தைக்குத் தொற்றினால் மூளை வரை பரவக்கூடியது என்பதால் இதில் தயவு தாட்சண்யம் கூடாது. தோலில் சிரங்கு இருந்தால் அது எளிதில் தீரக்கூடியது, சிகிச்சை முடிந்தபின் வரச் சொல்லலாம். பீடியோ சிகரெட்டோ புகைப்பவரை அமர்த்தாதீர்கள். வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தாலும் சேலையிலும் கூந்தலிலும் ஒட்டியிருக்கும் புகை குழந்தையின் மூச்சில் கலக்கிறது. எச்ஐவி பரிசோதனையை வேலைக்கான நிபந்தனையாகக் கேட்பதை 2017-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது, அதற்குத் தேவையும் இல்லை.

பழகும் இரண்டு வாரம்

இந்த இரண்டு வாரத்துக்கும் முழு ஊதியம் கொடுங்கள். முதல் சில நாள் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். அடுத்த சில நாள் அவர் செய்வதை நீங்கள் பாருங்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் அரை நாள் என்று வீட்டைவிட்டு வெளியே போய் வாருங்கள். என்னைக் கேட்டால், நேர்காணலும் சான்றிதழும் சொல்லாதவற்றை இந்த நாட்கள் சொல்லிவிடும். வெளியிலிருந்து வந்தவுடன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுகிறாரா, துணி மாற்றும்போது குழந்தையிடம் பேசுகிறாரா, குழந்தை கண் விழித்துக் கிடக்கும் நேரத்தில் அவர் பார்வை கைப்பேசியில் இருக்கிறதா பிள்ளை மேல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் மூன்று ஆண்டு இருந்த அக்கா வந்த முதல் நாளே குழந்தையைத் தூக்க அவசரப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ற கண்ணு, என்னையப் பாக்கறீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பிள்ளை தானாகக் கை நீட்டும் வரை காத்திருந்தார். அன்று மாலையே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அனுபவம் மிக்கவர்களிடம் ஒரு சிக்கல் எழும். அவர்கள் ஐந்தாறு பிள்ளைகளை வளர்த்திருப்பார்கள், வளர்த்த முறையில் நம்பிக்கை வைத்திருப்பார்கள். குளிப்பாட்டியபின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதிச் சளி எடுப்பது, பிறந்த குழந்தையின் மார்பைப் பிதுக்குவது, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை காட்டுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது ஆகியவை எல்லைக்கு இருபுறமும் உள்ள பழக்கங்கள். தமிழ் வீடுகளில் பிள்ளைவளர்ப்பான் என்று சொல்லி வசம்பை உரைத்துப் புகட்டுகிறார்கள். மலையாள வீடுகளில் அதையே வயம்பு என்று சொல்லிப் பொன்னோடும் தேனோடும் சேர்த்து நாக்கில் தடவுகிறார்கள். மூச்சுக்குழாயில் இறங்கும் எண்ணெய் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். ஒரு வயதுக்கு முன் கொடுக்கும் தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். சில கண்மைகளில் ஈயம் இருக்கிறது. இவற்றை நாம் எடுத்துச் சொன்னால், "இத்தனை பிள்ளைங்களை இப்படித்தானுங்க வளர்த்தோம், என்ன ஆயிப்போச்சு?" என்ற பதில்தான் வரும். அதில் நியாயமான ஒரு மனவருத்தமும் இருக்கிறது. ஆகவே நீங்களே வாதாடாமல், தடுப்பூசிக்குப் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்கூட்டியே ஆள் கிடைத்திருந்தால் 14-ஆம் வாரத் தடுப்பூசி இதற்குப் பொருத்தமான நாள். மருத்துவர் முன் அவரை உட்கார வைத்து, பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் இவர், என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாது என்று இவருக்கே சொல்லுங்கள் என்று கேளுங்கள். என் வீட்டில் எண்ணெய் விடுவது அந்த ஒரு நாளோடு நின்றது. வெளிப்புறம் இதமாக எண்ணெய் தடவுவது, தாலாட்டுவது, கதை பேசுவது போன்ற அவருடைய மற்ற கைப்பழக்கங்களில் நான் தலையிடவில்லை.

கட்டாயமாகச் சொல்லித்தர வேண்டியவை

கறந்த தாய்ப்பால் 25 டிகிரி வரை வெப்பமுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று சொல்வார்கள். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்து வீடுகளுக்குள் அதைவிட அதிகச் சூடு இருப்பதால், கறந்தவுடன் தேதியும் நேரமும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கத்தில் வைப்பதுதான் பத்திரம், கதவில் வைக்கக்கூடாது. அங்கே நான்கு நாள் வரை இருக்கலாம். புகட்டும்போது பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும், அடுப்பில் நேராக வைக்கக்கூடாது. குழந்தை வாய் வைத்து மீந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல் கொட்டிவிட வேண்டும். புட்டியைவிடப் பாலாடை (மூக்கு வைத்த சிறு புகட்டும் கிண்ணம்) கழுவுவதற்கு எளிது, மூலை முடுக்குகளில் பால் தங்காது; தாய்ப்பாலும் தொடரும் குழந்தைக்கு அதுவே பொருந்தும். பாலாடையைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதை வெயில் காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்குப் பின் ராகிக் கூழோ நேந்திரங்காய்ப் பொடியில் காய்ச்சும் குறுக்கு என்ற கூழோ தொடங்கும்போது உப்பும் சர்க்கரையும் வேண்டாம்.

தூங்க வைப்பது எப்போதும் மல்லாந்த நிலையில், கெட்டியான மெத்தையில், தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல். தூளியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டிலும் சேலையில் தூளி கட்டினோம். ஆனால் அதில் குழந்தையின் முதுகு வளைந்து முகவாய் மார்பில் பட்டால் மூச்சு தடைப்படலாம் என்பதால் உறக்கம் பிடித்தவுடன் எடுத்துக் கீழே படுக்க வைப்பது என்று வழக்கப்படுத்தினோம், புரளத் தொடங்கிய வாரத்தில் தூளியை அவிழ்த்துவிட்டோம். குளியலறையில் நீர் நிரம்பிய வாளியை விட்டுவைப்பது தவழும் குழந்தைக்கு எமன். கிணறும் தொட்டியும் உள்ள வீடுகளில் மூடி இல்லாமல் ஒரு நாளும் இருக்கக்கூடாது.

மருந்து விஷயத்தில் நமக்கு மொழிச் சிக்கல் உண்டு. மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறார், மருந்துக் கடையில் மலையாளத்தில் சொல்கிறார்கள், வீட்டில் இருப்பவர் தமிழ் மட்டும் படிக்கிறார். காய்ச்சலுக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்தாகவும் சிரப்பாகவும் வருகிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும்போது, குழந்தைகளுக்கான ஒரு வகைச் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம்தான் இருக்கிறது. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். வீட்டில் ஒரு வகையை மட்டும் வைத்திருங்கள். மருத்துவர் சொன்ன அளவைத் தமிழில் எழுதிப் பாட்டிலில் ஒட்டுங்கள். உங்களிடம் போனில் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக்கூடாது என்பதை விதியாக வையுங்கள்.

உடனே அழைக்க வேண்டிய நிலைமைகளை அவரைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேளுங்கள்: பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, மூச்சு வேகமாகி விலா உள்ளிழுப்பது, வலிப்பு, பல மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல். ஏதாவது தொண்டையில் சிக்கி அழவோ மூச்சுவிடவோ முடியாமல் போனால், குழந்தையைத் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தித் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டி, பிறகு திருப்பி மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்தி, மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக்கூடாது. இதை மருத்துவமனையில் செய்து காட்டச் சொல்லி இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் 108, கேரளச் சுகாதார உதவி எண்ணான 1056, குழந்தை மருத்துவர், பக்கத்து வீட்டார், நம்பகமான ஆட்டோக்காரர் ஆகியோரின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். எல்லைக்கு மிக அருகில் கைப்பேசி அக்கரைக் கோபுரத்தோடு இணைந்துகொள்வதுண்டு, அப்போது அழைப்பு மற்ற மாநிலத்துக்குப் போகலாம். ஆகையால் பேசத் தொடங்கும்போதே மாநிலம், பஞ்சாயத்து, வீட்டுக்கு அடையாளம் ஆகிய மூன்றையும் சொல்லப் பழக்குங்கள்.

ஊதியமும் ஒப்பந்தமும்

கேரளத்தில் கூலி தமிழ்நாட்டைவிட உயர்வு என்பதால்தான் பலர் எல்லை தாண்டி வருகிறார்கள். அக்கரையிலிருந்து வருபவர் என்பதற்காக அக்கரைக் கூலியைப் பேசாதீர்கள். வேலை நடக்கும் ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று மூன்று வீடுகளில் கேட்டு அதைக் கொடுங்கள். இரண்டு மாநிலங்களிலும் வீட்டுப் பணி குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நடப்பு விகிதத்தைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம். பேருந்துக் கட்டணத்தை ஊதியத்தோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நல்லது.

ஒரே பக்கத்தில், அவருக்குப் புரியும் தமிழில், எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வேலை நேரம், தாமதமானால் மணிக்கு எவ்வளவு, வார விடுமுறை, ஊதிய நாள், உடம்புக்கு முடியாத நாட்களுக்கு ஊதியம், பொங்கல், தீபாவளி, ஓணம், சித்தூர் கொங்கன்படை, ஆனைமலை மாசாணியம்மன் திருவிழா போன்றவற்றில் எந்தெந்த நாட்களுக்கு விடுப்பு, நிற்பதானாலும் நிறுத்துவதானாலும் பதினைந்து நாள் முன்னறிவிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். குழந்தையின் துணியும் பாத்திரமும் அவர் வேலை. வீடு கூட்டுவதும் சமைப்பதும் அவர் வேலையல்ல என்று எழுதுங்கள், எழுதியபடி நடந்துகொள்ளுங்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது குழந்தை அழுதால் அவர் எதைப் பார்ப்பார்? முன்பணம் கேட்டால் ஒரு மாத ஊதியத்துக்குள் கொடுத்துச் சிறு தவணைகளாகப் பிடித்துக்கொள்ளலாம். பெருந்தொகை கொடுத்தால் அவர் கடனுக்காக வேலை செய்பவராகிவிடுவார். ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் தங்கள் வங்கிக் கணக்கு வழியாகச் சேரலாம். அந்தத் தொகையை நீங்கள் கட்டிவிடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவும் இல்லையென்றால் செய்து கொடுங்கள்.

கேமரா வைப்பதானால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள், அவர் உடை மாற்றும், உறங்கும் இடத்தில் வைக்காதீர்கள். குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்வதானால் உங்கள் உறவினரிடமும் அதையே கேளுங்கள். வீட்டு ஆண்களின் நடத்தைக்கு நீங்கள் பொறுப்பு. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் காக்கிறது. மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவை அவர் அணுகலாம் என்பதை அந்த ஒரு பக்க ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நேர்மை.

வேலைக்குத் திரும்பிய பின்

முதல் மாதம் முழுவதும் மாலையில் வந்தவுடன் பத்து நிமிடம் அவரோடு உட்காருங்கள். எத்தனை முறை பால் குடித்தது, எத்தனை முறை சிறுநீர் போனது, எவ்வளவு நேரம் தூங்கியது என்பதை ஒரு நோட்டில் கோடு போட்டுக் குறிக்கப் பழக்கினால் எழுதத் தெரியாதவரும் குறித்துவிடுவார். தவறு நேர்ந்ததை அவரே வந்து சொன்னால் கோபப்படாதீர்கள். ஒரு முறை கத்தினால் அடுத்த முறை குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயம், அவரைக் கண்டதும் குழந்தை தொடர்ந்து மிரள்வது, பகலெல்லாம் அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் விடுப்பெடுத்து வீட்டில் இருந்து கவனியுங்கள், குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் உறுதியானால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

குழந்தை உங்களைவிட அவரிடம் அதிகமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு காலம் வரும். மாலையில் நீங்கள் கை நீட்டும்போது அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்கு அது வலித்தது. ஆனால் பகல் முழுவதும் அந்தக் குழந்தை பயமில்லாமல் இருந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை.

அவர் நிற்கும் நாள் வந்தால், புதியவரும் அவரும் ஒரு வாரமாவது சேர்ந்து இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள், இருவருக்கும் ஊதியம் கொடுங்கள். நிலுவையைக் கிளம்பும் நாளிலேயே தீர்த்துவிட்டு, எத்தனை மாதக் குழந்தையை எத்தனை காலம் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று ஒரு கடிதம் எழுதி உங்கள் எண்ணோடு கையெழுத்திட்டுக் கொடுங்கள். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என இரண்டாக எழுதுங்கள். அவர் அடுத்துப் போகும் வீடு எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்பது அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.